உத்தமர் என்று போட்டிருந்தது

மார்ச் 3, திங்கள்

இன்று துக்கம் கேட்க வந்தவர்கள் குறைவு. காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். பேச ஆள் இல்லாதபோது எழுதலாம் என்று தோன்றியது. எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருக்கும். இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் வனராஜ் போன மாதம் 21ஆம் தேதி இறந்துபோனார். நோய் நொடி எதுவும் இல்லை. டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் அடித்தார்கள். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். காலேஜுக்குப் போகிற ஒரு பெண்பிள்ளை மேல் கை வைத்தார் என்று சொல்லி அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

கை வைத்தார் என்பது பொய்.

அதை எழுதி வைக்கத்தான் டைரியை எடுத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

கொழுந்தன் முனீஸ்வரன் வந்தார். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாராம். அடித்தவர்களில் மூன்று பேரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயில் கேட்கப் போகிறார்களாம்.

"மதினி, அண்ணன் பேரைக் கெடுத்துட்டு ஒருத்தனும் வெளிய வரக்கூடாது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

போகும்போது என் வீட்டுக்காரருடைய டிவிஎஸ் வண்டியைப் பார்த்தார். சும்மா நிற்கிறதே, நான் ஓட்டிக்கொள்ளட்டுமா என்றார். எஞ்சின் ரிப்பேர் என்றேன். ரிப்பேரானதால்தான் தீபாவளியிலிருந்து பஸ்ஸில் போய்வந்தார். முனீஸ்வரன் சும்மா ஒரு மிதி மிதித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

"நல்லாத்தான மதினி ஓடுது" என்று ஓட்டிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் யாரிடமாவது கொடுத்துச் சரி செய்திருப்பார்.

மார்ச் 6, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகள் ஜோதிமணி பேசினாள். கல்யாணமாகி இரண்டு வருடம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாள். மாமியார் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் கேக்கலம்மா. நான் அடுப்படிக்குள்ள போனா பேச்ச நிப்பாட்டிடுதாங்க."

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

பதினாறாம் நாள் முடிந்தது. எனக்குச் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். வளையலைக் கழற்றும்போது வலிக்கவில்லை, கை மெலிந்துபோயிருந்தது.

அக்கா வந்திருந்தாள். தனியாக வந்தாள். அவள் மகள் ரேவதி வரவில்லை. சித்தப்பா சாவுக்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை. பரீட்சை என்றாள் அக்கா. சின்ன வயதில் லீவு விட்டால் இங்கேதான் கிடப்பாள். பத்தாவது படிக்கும்போது பாதி லீவில் பஸ் ஏறிப் போனவள், பிறகு இந்தப் படி மிதிக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான்.

சமையல்காரர் சாம்பாரில் புளியைக் கொட்டிவிட்டார். பந்தியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. சாவு வீட்டில் யார் குறை சொல்வார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முனீஸ்வரன் எங்கள் ஊர் விலக்கில், பஸ் நிற்கிற இடத்தில், பெரிய பிளெக்ஸ் கட்டியிருக்கிறார். போனில் படம் காட்டினார். ஜோதி கல்யாண ஆல்பத்திலிருந்து என் வீட்டுக்காரர் கைகூப்பி நிற்கிற போட்டோவை எடுத்திருக்கிறார்கள். பின்னால் மேகம். மேலே கண்ணீர் அஞ்சலி என்றும், கீழே பெரிய எழுத்தில், அநியாயமாகக் கொல்லப்பட்ட உத்தமர் என்றும் போட்டிருந்தது.

"போறவன் வாறவன் எல்லாம் படிக்கட்டும்னுதான் அந்த எடத்துல கட்டுனேன்" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். படத்தில் என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தைப் பார்த்து அழுதேன்.

மார்ச் 12, புதன்

யாரோ பிளெக்ஸ்மேல் சாணியை அடித்திருக்கிறார்கள். முகத்தில். முனீஸ்வரன் கொதித்துப்போய் வந்தார். விலக்கில் டீக்கடை போட்டிருக்கிற அம்மா பார்த்திருக்கிறது. காலை பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்பிள்ளை, பையைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டில் கிடந்த சாணியைக் கையால் அள்ளி எறிந்துவிட்டு, டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் போனதாம்.

"அவளேதான் மதினி. அன்னைக்கு பஸ்ஸுல கத்துனவ. எவ்வளவு திண்ணக்கம் பாருங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் கேக்கேன்" என்றேன்.

"நீங்க எப்படி மதினி போவீங்க."

எப்படிப் போவேன். தாலி இறக்கியவள் முதலில் கோயிலுக்குப் போக வேண்டும், பிறகு கூடப்பிறந்தவள் வீட்டில் ஒருவேளை சாப்பிட வேண்டும், அதற்கப்புறம்தான் ரோட்டில் தலை காட்டலாம். காலையில் காலேஜுக்குப் போகிற பிள்ளைக்கு எதிரே போய் நான் நின்றால் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள்.

துப்பட்டும். செத்தவர் முகத்தில் சாணி அடித்தவளை நான் பார்த்தே ஆகவேண்டும்.

மார்ச் 13, வியாழன்

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டீக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பிள்ளை நிழற்கூரையில் உட்காராமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஒல்லியான உடம்பு. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தது. நர்சிங் படிக்கிறதாம். பேர் தெரியும். எழுத மாட்டேன்.

"நீதானா?" என்றேன்.

"நான்தான்." பயப்படவில்லை. "நீங்க அவரு சம்சாரமா?"

"செத்தவரு மூஞ்சியில சாணி அடிக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளப் பிள்ளையா."

பிளெக்ஸைக் கையால் காட்டியது.

"உத்தமர்னு போட்டிருக்கு. நான் இங்கதான் பஸ்ஸுக்கு நிக்கணும். வேற எடம் இல்ல. பஸ் வர்ற வரைக்கும் அவரு என்னையப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நிக்காரு. நான் எங்க போய் நிக்க, சொல்லுங்க."

அடிக்கலாம் என்று கை வந்தது. அடிக்கவில்லை. "பொய் சொல்லி ஒரு ஆளைக் கொன்னுட்டு" என்றேன்.

"நான் கொல்லச் சொன்னேனா?" அப்போதுதான் அதன் குரல் மாறியது. "தீபாவளி லீவு முடிஞ்சதுல இருந்து அவரு அந்த பஸ்ஸுல ஏறுனாரு. காலியா இருந்தாலும் என் பின்னாலதான் நிப்பாரு. மொதல்ல கண்டக்டர்ட்ட சொன்னேன். முன்னால போய் நில்லும்மான்னாரு. முன்னால போனேன், முன்னால வந்தாரு. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். பேர் தெரியுமா, அப்பா பேர் தெரியுமா, தெரியாதுன்னா நாங்க யார் மேல எழுத, நீ பஸ்ஸ மாத்திக்கோன்னாங்க. இந்த ஊருக்கு வேற பஸ் ஏது. அன்னைக்குப் பொறுக்க முடியாமத்தான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனேன். இந்தக் கைதான்னு தூக்கிக் காட்டுனேன். ஸ்டேஷனுக்கு விடுங்க பஸ்ஸன்னுதான் சொன்னேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவாகவே சொன்னது.

"அடிக்க ஆரம்பிச்சதும், போதும் போதும்னு கத்துனேன். எனக்காக அடிக்கிறோம்னு சொன்னாங்களே, ஒருத்தராவது நான் சொன்னதக் கேட்டாங்களா? பச்சச் சட்டை போட்ட ஒருத்தன் என்னைய இடுப்பப் பிடிச்சு ஓரமாத் தள்ளிட்டு, நீ போம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்னான். போன வருசம் இதே பஸ்ஸுல அவனும் அந்த வேலையப் பாத்தவன்தான். அவன்தான் மொத அடி அடிச்சான்."

பஸ் வந்தது. ஏறப் போனது திரும்பி நின்று, "அவரு எறந்தப்புறம் திரும்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அதான் செத்துட்டானே, கேஸ் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க. பச்சச் சட்டைக்காரனப் பத்திச் சொல்லவே விடல" என்றது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இரண்டாம் தடவை ஏன் குளித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, சாயங்காலம்

அக்காவுக்குப் போன் போட்டேன். ரேவதி ஏன் என் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டேன்.

அக்கா பேசவே இல்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்டி" என்றாள். "இப்ப எதுக்கு அது. ஆளே போயாச்சு."

மார்ச் 14, வெள்ளி

முனீஸ்வரனிடம் பிளெக்ஸை எடுத்துவிடச் சொன்னேன். நாற்பதாம் நாள் வரைக்கும் இருக்கட்டும் என்றார். நானே போனேன். நான் வேலை செய்கிற இடத்தில் பேண்டேஜ் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதால் கயிற்றை வெட்டினேன். மேல் கயிறு எட்டவில்லை. டீக்கடை அம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது. பிடித்துக்கொண்டு நின்றது.

கீழே விழுந்ததும் சுருட்டினேன். வேறு யார் பிளெக்ஸாக இருந்தாலும் விறகு நனையாமல் மூடப் போட்டிருப்பேன். இதை என்ன செய்வது. முகம் உள்பக்கமாக இருக்கச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 15, சனி

முனீஸ்வரன் வாசலில் நின்றே பேசினார். உள்ளே வரவில்லை.

"ஊரே சிரிக்கி மதினி. கட்டுன பொண்டாட்டியே புருசன் படத்த அத்து எறிஞ்சான்னு. அப்ப அண்ணன் செஞ்சாருன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சுல்ல."

"அந்தப் பிள்ள நிக்க எடம் இல்ல."

"எந்தப் பிள்ள? அண்ணனக் கொன்னவளா?"

"அவ கொல்லல. அடிச்சவன்தான் கொன்னான்."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றுதானா என்று அவர் போனபிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

மார்ச் 17, திங்கள்

வக்கீல் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பெயில் கேஸ் வருகிறது. பெயில் கொடுக்கக்கூடாது என்று நான் கோர்ட்டில் நின்று சொல்லவேண்டும். அது சரிதான். சொல்வேன்.

மனுவைப் படித்தேன். அதில், பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதில் தகராறு வந்து, அந்தக் கோபத்தில் நடத்தை சரியில்லாத அந்தப் பெண் என் கணவர்மீது வீண்பழி சுமத்தினாள் என்று இருக்கிறது. கீழே என் பேர். கையெழுத்துப் போட இடம்.

"இது எதுக்கு?" என்று முனீஸ்வரனிடம் போனில் கேட்டேன்.

"அண்ணன் தப்பு செஞ்சாருன்னு வந்துட்டா, கோவத்துல அடிச்சோம், பொதுமக்கள்னு சொல்லி வெளிய வந்துருவானுக. செய்யலன்னு நின்னாத்தான் கேஸ் நிக்கும். வக்கீலே சொல்லுதாரு. ஜோதிய நெனச்சுப் பாருங்க."

ஜோதியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அடுப்படிக்குள் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் இதில் கையெழுத்துப் போட்டால் திரும்பப் பேசுவார்கள். போடாவிட்டால் அவள் அங்கே எப்படித் தலை நிமிர்வாள்.

மார்ச் 18, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

மார்ச் 19, புதன்

வேலைக்குப் போனேன். முதலாளி வரச் சொல்லியிருந்தார். அதே டவுன் பஸ். பெண்கள் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நான் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றான். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றான். இறங்குகிற வரைக்கும் என் முதுகு கல்லாக இருந்தது. எத்தனை வருடம் இந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். முழங்கையை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம். எப்போது பழகினேன் என்று கேட்டால் தெரியாது.

பேண்டேஜ் துணி மடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் குருவம்மா கேட்டாள்: "நெசமாவே செஞ்சாரா?"

துணியைப் பார்த்து மடி, கோணுகிறது என்றேன்.

மார்ச் 20, வியாழன்

ஜோதிக்குப் போன் போட்டேன். மனுவில் இருப்பதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சொன்னதையும் சொன்னேன். ரேவதியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜோதி அழவில்லை. "நீ என்ன செய்யப் போற?" என்றாள்.

"தெரியல. உனக்காகத்தான் யோசிக்கேன்."

"எனக்காகன்னு ஒண்ணும் செய்யாதம்மா" என்றாள். கோபமாகச் சொன்னாளா, வேறு எப்படிச் சொன்னாளோ, பிடிபடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஜட்ஜ் ஒரு அம்மா. என்னைவிட வயதில் சின்னவர். மூன்று பேரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று எல்லாரும் வெள்ளைச் சட்டை.

அவர்கள் வக்கீல் பேசினார். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கப் போன பொதுமக்கள் இவர்கள், இவர்களைக் குற்றவாளிபோல அடைத்து வைத்தால் நாளைக்கு எந்தப் பெண்ணுக்கு யார் வருவார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வக்கீல் எழுந்து, இறந்தவரின் மனைவி வந்திருக்கிறார், மனு தாக்கல் செய்கிறோம் என்றார். முனீஸ்வரன் மனுவை என் கையில் திணித்து, பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "அம்மா, நான் பேசலாமா?" என்றேன்.

"சொல்லுங்க."

"இந்த மனுவுல எழுதியிருக்கது பொய். அவங்க வக்கீல் சொன்னதும் பொய்."

முனீஸ்வரன் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் அந்தப் பிள்ள மேல கை வச்சது உண்மை. அந்தப் பிள்ள சொல்லிச்சு, நான் நம்புதேன். எனக்கு நம்பக் காரணம் இருக்கு. இவங்க அடிச்சுக் கொன்னதும் உண்மை. ஒண்ணக் காட்டி ஒண்ண அழிக்காதீங்க. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

"இறந்தவர் மேல வழக்கு நடத்தச் சட்டத்துல இடம் இல்லம்மா" என்றார் ஜட்ஜ்.

"அதத்தான் சொல்லுதேன். உயிரோட இருந்தா நடத்தியிருக்கலாம். அந்தப் பிள்ள முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போயிருக்கு. பஸ்ஸ மாத்திக்கோன்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கே அவரக் கூப்பிட்டு ஒக்கார வச்சிருந்தா, என்னையும் கூப்பிட்டிருப்பாங்க. அவமானமாத்தான் இருந்திருக்கும். நாண்டுக்கிட்டுச் சாகலாமான்னு தோணியிருக்கும். ஆனா ஆள் இருந்திருப்பாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான். ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன். அந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். இவங்க மூணு பேரும் சேர்ந்து, பதில் சொல்ல வேண்டிய ஆளக் கொன்னுட்டாங்க."

ஜட்ஜ் ஏதோ குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணும்மா. இந்த மூணு பேர்ல ஒருத்தன் போன வருசம் அதே பிள்ளகிட்ட அதே வேலைய செஞ்சவன். அவன் உசிரோடதான் இருக்கான். அவன் மேல எழுத இடம் இருக்குல்ல?"

ஜட்ஜ் எழுதிக்கொண்டே தலை நிமிர்ந்தார். அந்தப் பெண் வந்து சொல்வாளா என்று கேட்டார். ஊர் முழுக்கப் பேர் தெரியும் என்றால் யார் வருவார்கள் என்றேன். பேர் வெளியே வராது, கதவை அடைத்து ஒரு மாஜிஸ்திரேட் தனியாகக் கேட்பார், அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார். "இருக்குறது அந்தப் பிள்ளைக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல" என்றேன்.

பிறகு நான் சொன்னதை டைப் அடித்துப் படித்துக் காட்டினார்கள். மேற்படி இறந்துபோன வனராஜ் மேற்படி பெண்ணை மானபங்கம் செய்தது உண்மை என்று இருந்தது.

"அப்படிச் சொல்லல" என்றேன். "அவ மானத்துக்கு ஒண்ணும் ஆகல. கை வச்சாருன்னு போடுங்க."

டைப் அடிக்கிறவர் ஜட்ஜைப் பார்த்தார். அவங்க சொன்னபடியே போடுங்க என்றார் ஜட்ஜ். போட்டபிறகு கையெழுத்துப் போட்டேன்.

பெயில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு.

மார்ச் 22, சனி

முனீஸ்வரன் தன் பையனை அனுப்பி டிவிஎஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜோதி இன்னும் போன் பண்ணவில்லை.

மார்ச் 24, திங்கள்

விலக்கில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஜட்ஜ் சொன்னதைச் சொன்னேன். வீட்டில் கோர்ட்டு வாசலையே மிதிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ வரணும்னு நான் கேக்கல. வழி இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

"அங்க போய்ச் சொன்னா அவரப் பத்தியும்தான் சொல்லுவேன். எல்லாத்தையும் சொல்லுவேன். பஸ்ஸுல நடந்ததுல உங்ககிட்ட சொல்லாததும் இருக்கு."

"சொல்லு."

"உங்ககிட்டயா?"

"அங்க."

மார்ச் 28, வெள்ளி

வந்தது. கோர்ட்டுக்கு அதன் அம்மாவும் கூட வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் கேட் பக்கம் போய் நின்றது.

பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவை அடைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்ல மரக்கதவு. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. உள்ளே அவரைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பது வயதில் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு எனக்குப் பூ வாங்கி வந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும். அவருக்காக இனி அழவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

வெகுநேரம் ஆனது. எழுந்து போயிருக்கலாம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அவர் செய்ததை ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் பக்கத்து ஆள் ஒருத்தியாவது ஓடிப்போகாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கதவு திறந்தது. அதன் கண் வீங்கியிருந்தது. நடையில் தடுமாற்றம் இல்லை. என் பெஞ்சில் இடம் இருந்தது. அது என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தது.

அதுதான் சரி.